பற்றுச்சீட்டு இலக்கம் 417

நன்றி சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அதுவும் நன்கொடையில் இருந்துதான்.
பதினொரு மாத ஒப்பந்தம்.
நிலாவெளி வீதி, வளாக நூலகம்,
தலைப்பிட்ட கடிதத்தாள் இரண்டு கட்டு,
உப்புக்காற்றில் பொருமி
பாதிதான் திறக்கும் ஓர் இழுப்பறை.

கடிதத்தை நூலகர் முன்னமே எழுதிவைத்திருந்தார்.
'தங்கள் பெருந்தன்மைக்கு' என்று தொடங்கும்.
பெயருக்கு ஒரு கோடு,
தொகைக்கு ஒரு கோடு.
காலையில் இருபது கோடு நிரப்பினால்
மத்தியானம் சோறு இறங்கும்.

ஸ்காபரோவில் இருந்து குணநாயகம் ஐயா
பன்னிரண்டு கதிரை தந்தார், தாயின் பெயரில்.
பித்தளைத் தகட்டில்: இரத்தினபூபதி அம்மா.
மாதம் தவறாமல் கேட்பார்,
'கதிரையில ஆக்கள் இருக்கினமோ?'
இருக்கினம் என்று படம் எடுத்து அனுப்புவேன்.
தகடு கட்டாயம் தெரியவேண்டும்.
தகடோ முதுகுப்பக்கம்.
ஆகவே இரண்டு வருசமாய்
அவருக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம்
படிக்கிற பிள்ளைகளின் பிடரி.

மற்றவர் கிண்ணியாக்காரர்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி,
மாதத்தின் முதல் வியாழன்,
வாசலிலேயே நின்றுகொள்வார்,
உள்ளே வந்தால் புத்தகம் மணக்குமாம்.
நாலாய் மடித்த ஐந்நூறு ரூபாய்,
ஈரம்,
ஒருமுறை அதில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
'பேர்?'
'பேர் எதுக்கு புள்ள,
பேர் எழுதினா நன்மை கரைஞ்சி போயிரும்.'

பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு நன்மை தெரியாது.
வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம்,
மூன்றிலும் பெயர் வேண்டும்.
'ஒருவர்' என்று எழுதினேன்.
அடுத்த மாதமும் ஒருவர்.
ஒன்பது ஒருவர்.

கணக்காய்வுக்கு வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
யார் இந்த ஒருவர்?
இவருக்கு ஏன் ஒரு நன்றிக் கடிதமும் போகவில்லை?
பெயர் இல்லாத காசு
வரவு இல்லை, தங்கச்சி,
அது சந்தேகம்.

அந்த வியாழன் கெஞ்சினேன்.
அவர் காசை நீட்டாமல் கேட்டார்,
'இவ்வளவு நாளும் என்ன புத்தகம் வாங்கினீங்க?'

அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.
ஏசி வேலை செய்கிறதா, கேட்டிருக்கிறார்கள்.
திறப்புவிழாவில் யாருக்கு எந்த வரிசை,
பெயர்ப்பலகையில் எழுத்து ஏன் சின்னன்,
சண்டைகூடப் பிடித்திருக்கிறார்கள்.
பதிவேட்டில் விரல்வைத்துத் தேடினேன்.
அவர் காசோடு வேறு காசும் சேர்ந்து
ஒரு தடித்த புத்தகம், ஆங்கிலம்,
இந்து சமுத்திரத்து மீன்கள்.
இரவல் போனது: பூச்சியம்.

வற்புறுத்தி உள்ளே இருத்தினேன்.
கையைச் சாரனில் மூன்றுதரம் துடைத்தார்.
ஒரு எழுத்தும் பார்க்கவில்லை,
படம் படமாய் இறங்கிப்போனார்.
இது சூரை. இது கிளி.
இதுக்கு நிறம் பிழை,
செத்து ரெண்டு நாளைக்குப் பிறகு வரைஞ்சிருக்கான்.
பக்கத்து மேசைப் பெடியன்
காதில் இருந்த வயரைக் கழற்றினான்.
இது வெயில் ஏற முன்னம் வெள்ளி,
ஏறினா நீலம்,
எங்கட பக்கம் பாரை எண்டுற.

எழும்பும்போது சொன்னார்,
'பேர் வேணுமெண்டா இத எழுதுங்க.'

எழுதினேன்.
இலக்கம் 417, திரு. பாரை, கிண்ணியா,
ரூபாய் ஐந்நூறு மட்டும்.
கணக்காய்வாளர் சரி அடையாளம் போட்டார்.
'அன்புள்ள திரு. பாரை,
தங்கள் பெருந்தன்மைக்கு'
என்ற கடிதத்துக்கு முகவரி இல்லை.
அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினேன்.

அன்றைக்கு ஸ்காபரோவுக்குப் போன படத்தில்
கை மட்டும்.
நகத்தில் காயம், உள்ளங்கையில் தூண்டில் தழும்பு,
கீழே விரித்த பக்கம்.
அவர் இருந்தது இரத்தினபூபதி அம்மாவில்தான்,
ஆனால் முன்பக்கமாய் எடுத்துவிட்டேன்.

நடுச்சாமம் பதில் வந்தது.
'தகடு தெரியேல்லை.'

திருத்தி அனுப்புகிறேன், மன்னிக்கவும் என்று
எழுதத் தொடங்கியிருந்தேன்.
திரும்பவும் போன் அதிர்ந்தது.

'பிள்ளை, அது பாரையோ?'